தடுக்கப்பட்ட டீச்சர்

ஊட்டி, பிங்கர்போஸ்ட்
14 டிசம்பர் 2025

பிரியாவுக்கு,

காலை ஒன்பது நாற்பத்திரண்டு. உங்கள் ஹெட்மாஸ்டர் பொன்னுத்துரை சாரின் போன் வந்த நேரம் அது. குன்னூரில் ஒரு பள்ளிக்கூடத்தின் கம்ப்யூட்டர் அறையில், மேசைக்கு அடியில் படுத்து ஒயர் சொருகிக்கொண்டிருந்தேன். "சார், எங்க இருக்கீங்க, பக்கத்துல யாராச்சும் இருக்காங்களா" என்று கேட்டார். ஸ்கூலில் நெட் போயிருக்கும், அதற்குத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்து, "மோடத்த ஒருக்கா அணைச்சுப் போடுங்க சார்" என்றேன். "நெட்டு இல்ல சார்" என்றார். பிறகு, "ஜீப்பு கவுந்துருச்சு சார். நம்ம ரஞ்சனி டீச்சர் போயிட்டாங்க" என்றார்.

அதற்குப் பிறகு நடந்தது எதுவும் வரிசையாக ஞாபகம் இல்லை. கூடலூர் ஆஸ்பத்திரியில் உன் அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டது தெரியும். நீ கோயம்புத்தூரில் டீச்சர் வேலைக்கான பரீட்சை எழுதிவிட்டு ஹால் டிக்கெட்டோடு வந்து நின்றது தெரியும். நான் அழுதேனா என்று தெரியாது. அழவில்லை என்று எங்கம்மா சொல்கிறாள்.

நீ அனுப்பிய மெசேஜைப் பார்த்தேன். அக்காவின் பெட்டி எங்கள் வீட்டிலேயே இருக்கிறது, அரைப்பரீட்சை லீவில் வந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்று எழுதியிருந்தாய். நான் வரவில்லை. அந்தப் பெட்டியில் இருப்பது திங்கள் முதல் வெள்ளி வரை அவள் உடுத்திய புடவைகள். அதையெல்லாம் பார்த்தது உங்கள் ஓவேலிதான். எனக்குக் கிடைத்தது சனியும் ஞாயிறும். கல்யாணமாகி மூன்று வருஷம் என்று எல்லாரும் சொல்கிறார்கள். அந்தச் சனி ஞாயிறுகளை மட்டும் சேர்த்தால் ஒரு வருஷம்கூட வராது.

அந்த ஞாயிற்றிலும் பாதி உங்கள் பத்தாம் வகுப்புக்குப் போனது. சமையல் மேடையில் டீத்தண்ணி, எலுமிச்சம்பழம், சோப்பு என்று பரப்பி வைத்துக்கொண்டு சயின்ஸ் நடத்துவாள். நான் போனைப் பிடித்துப் படம் எடுப்பேன். குளிரில் கை நடுங்கும். "ஏனுங்க, கை ஆடுதுங்க" என்று பாடத்தின் நடுவிலேயே சொல்வாள். உங்கள் வீட்டில் யாரும் ஏனுங்க சொல்வதில்லை. எங்கம்மாவைக் கிண்டல் பண்ணப் பிடித்த பேச்சு, கடைசியில் அவளுக்கே ஒட்டிக்கொண்டது. அந்த இடங்களை வெட்டிவிட்டுத்தான் நெட்டில் ஏற்றுவேன். அது எனக்குச் சொன்னது, பிள்ளைகளுக்குச் சொன்னது இல்லை.

ஜீப் கவிழ்ந்த அன்றைக்குச் சனிக்கிழமை, அவளுக்கு லீவு. இருந்தும் இருட்டோடு எழுந்து பஸ் ஏறினாள், கூடலூரில் இறங்கி ஜீப் பிடிக்க. ஸ்பெஷல் கிளாஸ் என்றாள். யார் எடுக்க வேண்டிய கிளாஸ் என்று நான் கேட்கவில்லை. இப்போதும் கேட்கவில்லை.

போன் அடித்தால் என்னால் எடுக்க முடியவில்லை. வேலைக்காக அணைக்காமல் வைத்திருக்கிறேன். ஸ்கூல்களில் நெட்டைக் காவல் காக்கிற சாப்ட்வேருக்குள் போக வேண்டுமானால் ஒவ்வொரு தடவையும் ஓர் எண் என் போனுக்கு வரும். மாவட்டத்துக்கு இன்ஜினியர் என்று நான் ஒருத்தன்தான். இன்னொரு காரணமும் உண்டு. தினம் ஒரு தடவை அவள் நம்பரைப் போடுவேன். 'நீங்கள் அழைக்கும் எண் தற்போது அணைத்து வைக்கப்பட்டுள்ளது' என்று ஒரு பெண் சொல்வாள். கேட்டுவிட்டு வைத்துவிடுவேன்.

ஏதாவது சொல்வதென்றால் எழுது. கூப்பிடாதே.

கீர்த்திவாசன்

*

ஓவேலி
20 ஜனவரி 2026

மாமா,

கூப்பிடாதே என்றீர்கள், எழுதுகிறேன். பரீட்சைத்தாள் தவிர நான் பேனா பிடித்து ரொம்ப நாள் ஆச்சு. கிறுக்கல் புரியாவிட்டால் அதற்கும் அக்காவைத்தான் திட்ட வேண்டும், அவள்தான் கற்றுக்கொடுத்தாள்.

ஏழாம் தேதி ஸ்கூலுக்கு வந்தீர்களாம். நான் ஒன்பதாம் வகுப்பில் கணக்கு எடுத்துக்கொண்டிருந்தேன். பெல் அடித்து வெளியே வந்தால் நீங்கள் வந்த ஜீப்பைக் காணோம். ஹெட்மாஸ்டர் வாங்கி வைத்த டீ அப்படியே ஆறிக் கிடந்தது. எங்கள் எஸ்டேட் பாடியின் வரிசை வீடுகளைத் தாண்டித்தானே போக வேண்டும். அம்மா அன்றைக்குப் பூராவும், "மருமவன் இந்தப் பக்கமாத்தான் போயிருக்காரு, ஒரு வாய்த் தண்ணி கேக்கலியே" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அதை விடுங்கள். இப்போது எழுதுவது வேறு விஷயம்.

அக்கா போனதற்குப் பிறகு சயின்ஸுக்கு ஆள் போடவில்லை. பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் கம்ப்யூட்டர் அறையில் உட்கார்ந்து அவளுடைய வீடியோக்களைப் பார்த்துத்தான் படித்தார்கள். எனக்கு வகுப்பு இல்லாத நேரத்தில் நான் பக்கத்தில் நின்று நிறுத்தி நிறுத்திப் போடுவேன், மற்ற நேரம் அவர்களே போட்டுக்கொள்வார்கள். கணக்கு டீச்சருக்கு அமிலம், காரம் எல்லாம் என்ன தெரியும்? டீயில் எலுமிச்சம்பழம் பிழிந்ததும் நிறம் வெளுக்கிற இடம் வந்தால் எல்சா விட மாட்டாள். "டீச்சரே, ஒண்ணூடே போடுங்க" என்று மலையாளம் கலந்து இன்னொரு தடவை கேட்பாள். நானும் போடுவேன். நீங்கள் வெட்டாமல் விட்ட ஓர் இடமும் அந்தப் பாடத்தில் இருக்கிறது, தெரியுமா? "ஏனுங்க, கை ஆடுதுங்க" என்று அக்கா சொல்வது. பிள்ளைகள் அதை ஒன்றாகச் சேர்ந்து சொல்லிச் சிரிப்பார்கள். அக்கா போன பிறகு அந்த அறையில் சிரிப்புச் சத்தம் கேட்டதே அந்த இடத்தில்தான்.

நீங்கள் வந்துபோன மறுநாளிலிருந்து வீடியோ திறக்கவில்லை. சிவப்புப் பக்கம் ஒன்று வருகிறது. 'இந்தப் பக்கம் மாணவர்களுக்குத் தடுக்கப்பட்டுள்ளது. வகை: ஆபாசம்' என்று அதில் இருக்கிறது. கீழே, தவறு எனில் கூப்பிட வேண்டிய எண் என்று உங்கள் நம்பர். ஹெட்மாஸ்டர் போனிலிருந்து பிள்ளைகளே கூப்பிட்டார்கள். நீங்கள் எடுக்கவில்லை.

மற்ற டீச்சர்களின் பாடம் எல்லாம் வருகிறது. ஏதோ ரம்மி விளையாட்டு விளம்பரம்கூட வருகிறது. எங்கக்காவைத்தான் மெஷின் இப்படிப் பிடித்திருக்கிறது. அப்டேட் பண்ணும்போது தப்பாக எடுத்திருக்கும் என்கிறார் ஹெட்மாஸ்டர். "ஒங்க மாமாகிட்ட சொல்லும்மா, ஒரு தட்டு தட்டுனாருன்னா சரியாப் போயிரும்" என்றார்.

படிப்பு மட்டும் என்றால் நான் இவ்வளவு எழுத மாட்டேன். அந்த வார்த்தையை ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் படித்துவிட்டு வீட்டில் போய்ச் சொல்லியிருக்கிறார்கள். நேற்று பைப்படியில் அம்மா தண்ணீர் பிடிக்கப் போனபோது, "ரஞ்சனி டீச்சர் என்னமோ படம் புடிச்சுப் போட்டுச்சாமே, கவுர்மெண்டே அடைச்சிருச்சாமே" என்று ஒருத்தி கேட்டிருக்கிறாள். அம்மா பாதிக் குடத்தோடு திரும்பி வந்துவிட்டாள்.

சீக்கிரம் திறந்துவிடுங்கள் மாமா. மார்ச்சில் பொதுத்தேர்வு.

பிரியா

*

ஊட்டி
27 ஜனவரி 2026

பிரியாவுக்கு,

கடிதம் கிடைத்தது.

ஆபாசம் என்ற வகையில் போன பக்கத்தை மாவட்டத்திலிருந்து திறக்க முடியாது. சென்னையில் ஒரு குழு இருக்கிறது, அவர்கள் பார்த்துத்தான் விடுவிக்க வேண்டும். பள்ளியிலிருந்து ஹெட்மாஸ்டர் ஆன்லைனில் புகார் பதிவு செய்ய வேண்டும். ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். தேர்வுக்குள் நடக்குமா என்று சொல்ல முடியாது.

சயின்ஸுக்கு ஆள் கேட்டுக் கல்வி அலுவலகத்துக்கு எழுதச் சொல். போன ஆளை வைத்தே வேலை வாங்கிக்கொண்டிருந்தால் புது ஆளைப் போட மாட்டார்கள்.

அத்தையிடம் பைப்படிப் பேச்சைக் காதில் வாங்க வேண்டாம் என்று சொல்.

கீர்த்திவாசன்

*

ஓவேலி
6 பிப்ரவரி 2026

கீர்த்திவாசன் அவர்களுக்கு,

மாமா என்று எழுதி அடித்துவிட்டு இப்படி எழுதுகிறேன். காரணம் கீழே வரும்.

காதில் வாங்க வேண்டாம் என்று எழுதியிருந்தீர்கள். ஊட்டியில் உட்கார்ந்துகொண்டு எழுதுவது சுலபம். இங்கே பதினாறு வீட்டுக்கும் ஒரே பைப்பு. காதைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டா போக முடியும்? அம்மா போவதை நிறுத்திவிட்டாள். நான்தான் போகிறேன். என்னைக் கண்டதும் பேச்சை நிறுத்திவிட்டு, "ஏன் டீச்சர், இன்னைக்கு ஸ்கூல் உண்டா" என்று கேட்கிறார்கள், ஞாயிற்றுக்கிழமையில்.

கூடலூர் ரோட்டு வளைவில்தான் எங்கள் பாடிக்கு சிக்னல். அங்கே நின்று என் போனில் அக்காவின் வீடியோ எல்லாவற்றையும் ஒவ்வொருத்தருக்கும் போட்டுக் காட்டினேன். புடவை முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு டீத்தண்ணியில் எலுமிச்சை பிழிகிறாள். இதில் என்ன இருக்கிறது என்று கேட்டேன். பெற்றோர் குழுவில் இருக்கிற மாரிச்சாமி அண்ணன் முழுசாகப் பார்த்துவிட்டு, "இதுல இல்லம்மா. வேற எதுலயாச்சும் இருக்கும். கம்ப்யூட்டரு சும்மாவா சொல்லும்" என்கிறார். இன்னொருத்தர் ஒரு படி மேலே போய், "படம் புடிச்சதே புருசன்தானாமே" என்றார். உங்களுக்கும் அதில் பங்கு இருக்கிறது, சந்தோஷப்படுங்கள்.

சயின்ஸ் அறையில் மாட்டியிருந்த அக்காவின் போட்டோவை ஹெட்மாஸ்டர் இறக்கிவிட்டார். "கொஞ்ச நாளைக்குத்தாம்மா, பேச்சு அடங்கட்டும்" என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை. எல்சாவைச் சாயங்கால வகுப்புக்கு அவள் அப்பா அனுப்புவதில்லை. அவளாகப் பகலில் வந்து, "டீச்சரே, ரஞ்சனி டீச்சர் செத்த பின்னாடி தப்பு பண்ணினாங்களா, முன்னாடியேவா" என்று கேட்டாள்.

அப்பாவைச் சொல்ல வேண்டும். அக்கா இருந்தபோது அவளுடைய வீடியோவைக் காலையில் ஆட்கள் கூடி நிற்கிற பெரட்டில் எல்லாருக்கும் காட்டிவிட்டுத்தான் கொழுந்து பறிக்கிற மலைக்கு ஆட்களைப் பிரிப்பார். "என் மக பேசறா, கேளுங்கடா" என்பார். இப்போது ஆள் பிரித்துவிட்டுத் தனியாக நடந்து போகிறார். நேற்று என்னிடம், "புள்ளையக் குழியில வச்சது ஒரு நாளு. இவனுங்க தெனமும் வைக்கிறானுங்கம்மா" என்றார்.

ஆறு வாரம் எட்டு வாரம் என்று எழுதியிருந்தீர்களே, அதைக் கேட்டுப் பார்ப்போம் என்று ரோட்டு வளைவில் நின்று உங்கள் கம்பெனியின் உதவி எண்ணுக்குப் போட்டேன். ஒரு பெண் எடுத்தாள், நல்லபடியாகப் பேசினாள். மெஷின் ஏன் எங்கக்காவைப் பிடித்தது என்று கேட்டேன். கீபோர்டைத் தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள். "மேடம், இது மெஷின் பண்ணினது இல்லீங்க. ஜனவரி ஏழாம் தேதி உங்க மாவட்ட இன்ஜினியர் கையால சேர்த்திருக்காருங்க. எல்லா ஸ்கூலுக்கும் சேர்த்து."

நான் இரண்டு தடவை கேட்டேன். இரண்டு தடவையும் உங்கள் பெயரைத்தான் சொன்னாள்.

நான் யாரிடமும் இன்னும் சொல்லவில்லை. அம்மாவிடம்கூட. முதலில் நீங்கள் எனக்குச் சொல்லுங்கள். அந்த வார்த்தையை எங்கக்கா மேல் எழுத உங்களுக்குக் கை எப்படி வந்தது?

பிரியா

*

ஊட்டி
12 பிப்ரவரி 2026

பிரியாவுக்கு,

நான்தான்.

அந்த வார்த்தையை நான் எழுதவில்லை. ஒரு பக்கத்தைத் தடுக்க வேண்டுமானால் அது எந்த வகை என்று சொல்லாமல் சாப்ட்வேர் விடாது. அகர வரிசையில் முதலில் நிற்பது ஆபாசம். பிறகு சூதாட்டம், வன்முறை. நான் முதலில் நின்றதை அழுத்தினேன். படித்துப் பார்க்கவில்லை. திரையில் அந்த வார்த்தையும் சேர்ந்து வரும் என்பது எனக்குத் தெரியும், தெரிந்த ஆள் நான்தான். அந்த நேரத்தில் அது மண்டையில் ஏறவில்லை. நீ எழுதித்தான் என்ன செய்திருக்கிறேன் என்று பார்த்தேன். பார்த்த பிறகும் ஆறு வாரம் எட்டு வாரம் என்று எழுதினேன். இதை நீ மன்னிக்க வேண்டும் என்று எழுதவில்லை. கேட்டாய், சொல்கிறேன்.

ஏன் தடுத்தேன் என்பதைக் கேள்.

ஏழாம் தேதி வராந்தாவில் நடந்து வந்துகொண்டிருந்தேன். அவள் குரல் கேட்டது. அவள் போனதற்குப் பிறகு முதல் தடவை. நான் வீட்டில் ஒரு வீடியோவையும் திறந்ததில்லை. கதவோரம் நின்றேன். "ஏனுங்க, கை ஆடுதுங்க" என்றாள். உடனே உள்ளே அத்தனை பிள்ளைகளும், ஏனுங்க கை ஆடுதுங்க என்று கத்திச் சிரித்தார்கள். யாரோ ஒண்ணூடே என்றார்கள். அவள் மறுபடியும் சொன்னாள். மறுபடியும் சிரித்தார்கள்.

அது என்னைப் பார்த்துச் சொன்னது. வெட்டாமல் விட்டது என் கவனக்குறைவு. திங்கள் முதல் வெள்ளி உங்களுக்கு, ஞாயிற்றில் பாதி உங்களுக்கு, சனிக்கிழமையும் கேட்டீர்கள், அனுப்பினேன், அதோடு அவளே திரும்பி வரவில்லை. எனக்கென்று மிச்சம் இருந்தது அந்த ஒரு வார்த்தை. அதையும் முப்பது பேர் வாயில் போட்டு மென்றுகொண்டிருந்தீர்கள். ஜீப்பில் ஏறி உட்கார்ந்து, மடியில் லேப்டாப்பை வைத்துத் தடுத்தேன். பொறுக்க முடியாமல்தான் செய்தேன். செய்ததும் நிம்மதியாக இருந்தது. அதையும் எழுதிவிடுகிறேன்.

நீ கேட்கும் முன்னால் சொல்கிறேன், ஒரிஜினல் எல்லாம் என்னிடம் இருக்கிறது. தர மாட்டேன்.

திறக்க முடியாது என்பது பொய் இல்லை. போன வருஷம் உங்கள் ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்திக்கு ஸ்கூல் கம்ப்யூட்டரிலேயே ஒருத்தன் கண்டதை அனுப்பினானே, அப்போது ரஞ்சனி இந்தச் சமையல் மேடையில் உட்கார்ந்துகொண்டு என்னோடு சண்டை போட்டாள். "இந்த மாதிரி பக்கத்த ஒருக்கா அடைச்சா உள்ளூர்ல யாராலயும் தொறக்க முடியக் கூடாதுங்க. ஹெட்மாஸ்டர் கேட்டாலும், நீங்களே நெனச்சாலும்" என்றாள். அவள் சொன்னதை நான் கம்பெனிக்கு எழுதினேன். எல்லா மாவட்டத்துக்கும் அதையே விதியாக்கினார்கள். அவள் போட்ட பூட்டு. அதற்குள் அவளையே வைத்துப் பூட்டியிருக்கிறேன்.

இன்னும் ஒன்று. டிசம்பரில் கேட்காமல் விட்டதை இப்போது கேட்கிறேன். அந்தச் சனிக்கிழமை ஸ்பெஷல் கிளாஸ் யாருடையது? கணக்கு. உன் முறை. நீ பரீட்சை எழுதப் போனாய், உனக்குப் பதிலாக அவள் போனாள்.

கீர்த்திவாசன்

*

ஓவேலி
17 பிப்ரவரி 2026

மாமா,

ஆமாம். என் முறை. நான்தான் வியாழக்கிழமை இராத்திரி சாப்பிடும்போது கேட்டேன். "போடி, நான் பாத்துக்கறேன், நீ பாஸ் பண்ணி நிரந்தர வேலைக்குப் போற வழியப் பாரு" என்றாள். பரீட்சை ஹாலில் போனை வாங்கி வைத்துக்கொண்டார்கள். வெளியே வந்து போனைப் போட்டபோது எத்தனை மிஸ்டு கால். நீங்கள் கேட்பீர்கள், கேட்பீர்கள் என்று மூன்று மாசமாகக் காத்திருந்தேன். கேட்காமலே போய்விடுவீர்களோ என்று பயந்தும் இருந்தேன். கேட்டாச்சு.

அப்படியானால் என்னைத் தடுத்திருக்க வேண்டும். என் பெயரைப் போட்டு, எந்த வகை வேண்டுமோ அந்த வகையில் போட்டிருக்க வேண்டும். நான் உயிரோடு இருக்கிறேன், பைப்படியில் நின்று பதில் சொல்லியிருப்பேன். அக்கா எப்படிச் சொல்வாள்?

உங்களுக்கு மிச்சம் இருந்த ஒரு வார்த்தை என்கிறீர்கள். எங்களுக்கு என்ன மிச்சம் இருந்தது? அப்பாவுக்குப் பெரட்டில் தலை நிமிர்ந்து நிற்பது இருந்தது. அதை எடுத்துக்கொண்டீர்கள். பிள்ளைகள் அவளைக் கேலி பண்ணிச் சிரிக்கவில்லை மாமா. அவள் பேசுகிற மாதிரி பேசிப் பார்த்தார்கள். வீட்டில் அம்மாகூட ஒரு தடவை அப்பாவை ஏனுங்க என்று கூப்பிட்டுவிட்டு, அப்புறம் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வருகிற 25ஆம் தேதி பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம். அக்காவின் போட்டோவை மறுபடி மாட்டலாமா, நான் இந்த ஸ்கூலில் தொடரலாமா, இரண்டையும் அன்றைக்கே பேசுகிறார்களாம். நீங்கள் வர வேண்டும். எல்லார் முன்னாலும் நின்று, நான்தான் பண்ணினேன் என்று சொல்ல வேண்டும். நான் சொன்னால் தங்கச்சி பூசி மெழுகுகிறாள் என்பார்கள்.

வராவிட்டால் அன்றைக்கே அப்பாவிடம் உங்கள் கடிதத்தைக் கொடுத்துவிடுவேன். மிரட்டல் இல்லை, சொல்லிவிட்டுச் செய்கிறேன்.

பிரியா

*

ஊட்டி
23 பிப்ரவரி 2026

பிரியாவுக்கு,

இந்தக் கவரைக் கூடலூர் பஸ் கண்டக்டரிடம் கொடுத்து அனுப்புகிறேன். தபாலில் போட்டால் 25க்கு வந்து சேராது.

கூட்டத்துக்கு நான் வரவில்லை. ஜீப் கவிழ்ந்த வளைவை இன்னொரு தடவை தாண்டி வர வேண்டும் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணத்தை யோசித்துப் பார். நான் வந்து நின்று சொல்வேன். என் தாடியையும் முகத்தையும் பார்ப்பார்கள். பெண்டாட்டி போன துக்கத்தில் புத்தி பேதலித்திருக்கிறான், மானத்தைக் காப்பாற்றப் பழியைத் தன் மேல் போட்டுக்கொள்கிறான் என்பார்கள். மாரிச்சாமி என் தோளில் கை வைப்பார். எல்லாரும் டீ குடிப்பார்கள். ரஞ்சனி மேல் விழுந்த வார்த்தை அப்படியே இருக்கும்.

உன் போனில் வீடியோவையே காட்டினாய், நம்பவில்லை. கம்ப்யூட்டரு சும்மாவா சொல்லும் என்றார்கள். அப்படியானால் கம்ப்யூட்டரே சொல்லட்டும்.

பூட்டைத் திறக்க என்னால் முடியாது. ஆனால் சிவப்புப் பக்கத்தில் என்ன எழுத்து வர வேண்டும் என்பது மாவட்ட இன்ஜினியர் கையில் இருக்கிறது. ஸ்கூல் லீவு, மழை எச்சரிக்கை மாதிரி உள்ளூர் அறிவிப்புப் போடுவதற்காகக் கொடுத்தது. இன்று காலையில் அதை மாற்றினேன். இனி நீலகிரியில் எந்தப் பள்ளியில் எந்தத் தடுத்த பக்கத்தைத் தொட்டாலும் இது வரும்:

'ரஞ்சனி டீச்சரின் பாடங்களில் ஆபாசம் எதுவும் இல்லை. அவை பத்தாம் வகுப்பு அறிவியல் பாடங்கள். அவற்றை ஜனவரி 7 அன்று தடுத்தது கம்ப்யூட்டர் அல்ல, டீச்சரின் கணவன் கீர்த்திவாசன். பிள்ளைகள் டீச்சர் குரலைக் கேட்டுச் சிரித்ததைப் பொறுக்க முடியாமல் செய்தான். டீச்சர் மேல் ஒரு தவறும் இல்லை.'

கோத்தகிரியில் எவனாவது ரம்மி விளையாடப் பார்த்தால் அவனுக்கும் இதுதான் வரும். ரஞ்சனி இருந்தால் இதற்குச் சிரித்திருப்பாள்.

25ஆம் தேதி எல்லாரையும் கம்ப்யூட்டர் அறைக்குக் கூட்டிக்கொண்டு போ. அக்காவின் பாடத்தைத் திறக்கச் சொல். பக்கம் வந்ததும் பொன்னுத்துரை சாரைச் சத்தமாகப் படிக்கச் சொல். அவர்தான் போட்டோவை இறக்கினார், அவரே படிக்கட்டும். எல்சாவின் அப்பாவை முன் வரிசையில் உட்கார வை. உன் அப்பாவையும் அழைத்துக்கொண்டு போ. என் கடிதங்களை அவரிடம் கொடுப்பதென்றால் கொடு. அவர் என்னை என்ன சொன்னாலும் சரி.

கவருக்குள் ஒரு பென்டிரைவ் இருக்கிறது. எல்லாப் பாடமும் அதில் இருக்கிறது. கம்ப்யூட்டரில் போட்டுக்கொண்டால் நெட் வேண்டியதில்லை, எந்தத் தடையும் குறுக்கே வராது. தேர்வுவரை போட்டுக் காட்டு. தர மாட்டேன் என்று எழுதியிருந்தேன். நேற்று அதை எடுத்து முதல் தடவையாகப் போட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு பாடத்திலும் நாலைந்து இடத்தில் என்னைத் திட்டுகிறாள். கை ஆடுது என்கிறாள், எலுமிச்சம்பழம் வாங்கச் சொன்னால் அழுகினதை வாங்கிட்டு வந்திருக்கீங்க என்கிறாள், ஓர் இடத்தில் கோபத்தில் உங்கள் பாடிப் பேச்சுக்கே போய்விடுகிறாள். எதையும் வெட்டவில்லை. அப்படியே அனுப்பியிருக்கிறேன். பிள்ளைகள் சிரிக்கட்டும். எல்சா கேட்டால் ஒண்ணூடே போடு.

உன் முறை என்று எழுதினேன். எழுதியதை வாபஸ் வாங்கவில்லை, வாங்கினால் நீ நம்ப மாட்டாய். அவள் போகட்டுமா என்று என்னிடமும் கேட்டாள். போய்ட்டு வா என்று நான்தான் பஸ் ஸ்டாண்டில் விட்டேன். இதை அந்தக் கடிதத்தில் சேர்த்து எழுதியிருக்க வேண்டும்.

இந்த வேலை இனி எனக்கு இருக்காது. அது போகட்டும். கம்பெனிக்காரர்கள் விஷயம் தெரிந்தவுடன் அந்தப் பக்கத்தைப் பழையபடி மாற்றப் பார்ப்பார்கள். மாற்ற வேண்டுமானால் உள்ளே போக வேண்டும், உள்ளே போகிற எண் என் போனுக்குத்தான் வரும். எனக்குப் பதில் வேறு ஆளைப் பதிவு செய்ய அவர்களுக்குக் கொஞ்ச நாள் பிடிக்கும். அதுவரை அந்த எழுத்து நிற்கும். 25ஆம் தேதி நிச்சயம் நிற்கும்.

பத்து மணியிலிருந்து ஒவ்வொரு ஸ்கூலாகக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். கடைசியாக ஒரு தடவை ரஞ்சனி நம்பரைப் போட்டேன். அணைத்து வைக்கப்பட்டுள்ளது என்று அந்தப் பெண் வழக்கம்போலச் சொன்னாள். இனி என்னைக் கூப்பிடுகிறவர்களுக்கும் அவளே பதில் சொல்வாள்.

போனை அணைத்துவிட்டேன்.

கீர்த்திவாசன்